‘நல்ல’வுக்கு என்ன யூனிட்

முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி கொடுத்த தண்ணீரை அவர் உடனே குடிக்கவில்லை. டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோள்பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து அதற்குள் விட்டார். பேனாவின் தலையில் எண்கள் ஓடி நின்றன. அதைப் படித்துவிட்டு, பேனாவைத் துணியில் துடைத்து மூடிய பிறகுதான் ஒரு வாய் குடித்தார். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த வீட்டில் இப்படி ஒரு காரியத்தை நான் கண்டதில்லை. உள்ளே மனைவி பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்த சத்தம் கேட்டது.

"நம்ம கெணத்துத் தண்ணிதாங்க. நல்ல தண்ணி," என்றேன்.

"அது பாத்துத்தான் சார் சொல்லணும்."

பார்த்தாகிவிட்டதே, உங்கள் பேனா என்ன சொல்கிறது என்று கேட்டேன். ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார்.

காரைக்காலில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் அவர் பேராசிரியை. நிலவியலும் நிலத்தடி நீரும் பாடம். அதிலேயே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். எங்கள் தெருவில் அவருக்குத் ‘தண்ணி டீச்சர்’ என்று பெயர். சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் வருத்தப்படுவார் என்பதற்காக இல்லை. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறேனா என்று ஆள் அனுப்பிப் பார்க்கக்கூடியவர்.

எங்கள் தெரு மண்டபத்தூருக்கும் பூவத்துக்கும் நடுவில், ஒரு பழைய மணல்மேட்டின் மேல் இருக்கிறது. கிழக்கே கடல். மேற்கே வயல். கடல் பக்கம் தோண்டினால் உப்பு, வயல் பக்கம் போர் போட்டால் சப்பென்று ஓர் உவர்ப்பு. இந்த மேட்டில் மட்டும் நல்ல தண்ணீர். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் இரண்டே வகைதான். குடிக்கிறது நல்ல தண்ணீர், துவைக்கிறது உப்புத் தண்ணீர். பக்கத்துத் தெருக்காரர்கள் குடத்தோடு இங்கே வருவார்கள். இந்தத் தெருவுக்குப் பெண் கொடுக்கும்போதுகூட, நல்ல தண்ணீர் உள்ள தெரு என்று ஒரு வார்த்தை பேச்சில் வந்துவிடும்.

நான் சர்க்காரில் புள்ளிவிவர இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். மாடு, தென்னை, மோட்டார், கிணறு என்று ஊர் ஊராகப் போய் எண்ணுவதே உத்தியோகம். அவர் என்னைத் தேடி வந்ததே அந்தப் பழைய கணக்கினால்தான்.

"உங்க கணக்குல இந்தத் தெருவுக்கு ஒம்போது கெணறு. நான் பன்னெண்டு பாத்தேன் சார்."

"அப்பறம் யாராச்சும் வெட்டியிருப்பாங்க."

"மூணும் பழைய உறைக் கெணறு. நீங்க வாசல்ல நின்னு கேட்டீங்களா, கொல்லையில போய்ப் பாத்தீங்களா?"

அந்த மூன்றில் ஒன்று தூர்ந்துபோய்க் குப்பை கொட்டுகிற குழி. அதையும் கிணறு என்று எண்ணுவது எந்த ஊர் நியாயமோ, எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். அப்படியானால் பதினொன்று என்று போட்டுக்கொள்கிறேன் என்றார். ஒன்பது என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை.

சிவில் படிக்க வருகிற பிள்ளைகள் வீடு கட்டவும் பாலம் கட்டவும் வருகிறார்கள். அவர்களுக்குக் கல்லும் மண்ணும் ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கொண்டால் போதும். இந்த மாவட்டத்தில் கல் என்று ஒன்று கிடையவும் கிடையாது. ரயில் பாதைச் சல்லி, கோயில் தூண், கடலரிப்புக்குக் கொட்டிய பாறை, எல்லாம் வெளியூரிலிருந்து வந்தவை. தர்மபுரிப் பக்கத்துப் பாறைக் காட்டில் பிறந்த டீச்சர், கல்லே இல்லாத ஊருக்குக் கல் பாடம் எடுக்க ஏன் வந்தார் என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். ஒரு நாள் கேட்டும்விட்டேன்.

"கல்லு இல்லன்னு யாரு சார் சொன்னா? இருக்கு. ரொம்பக் கீழ இருக்கு," என்றார்.

இரண்டாம் தடவை வந்தபோது எங்கள் சமையலறை மேடையைப் பார்த்தார். அப்போதுதான் புதிதாகக் கறுப்பு கிரானைட் போட்டிருந்தோம். மனைவி அதை நாளுக்கு நாலு தடவை துடைத்துக்கொண்டிருந்த காலம். டீச்சர் குனிந்து, சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு மேடையின் ஓரத்தைப் பார்த்தார்.

"இது கிரானைட் இல்லம்மா."

"பில்லு இருக்குங்க," என்றாள் மனைவி.

"பில்லு கடைக்காரர் எழுதுனது."

நிஜமான கிரானைட்டில் வெளிர் நிறப் புள்ளிகள் தெரியும், இது வேறு கறுப்புக் கல், கடைக்காரர்கள் பளபளப்பாக இருந்தால் எல்லாவற்றுக்கும் அதே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். சரி, நல்ல கல்தானே என்று மனைவி கேட்டாள். கறை படியாது, கனமாக இருக்கும், உடைந்தால் ஓரம் கூராக இருக்கும் என்று பதில் வந்தது. அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் மனைவி என்னிடம் வந்தாள்.

"ஏங்க, அந்தம்மா வாயில நல்லதுன்னு ஒரு வார்த்தை வராதாங்க?"

வராது. அதை நாங்கள் முழுதாகப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

எங்கள் கொல்லையில் இரண்டு குழாய் இறக்க அனுமதி கேட்டார். ஒன்று குட்டை, ஒன்று நீளம். தண்ணீர் எடுக்க இல்லை, கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க மட்டும் என்றார். இந்தப் பகுதியில் குழாயோடு வருகிறவர்களை யாருக்கும் பிடிக்காது. மண் பரிசோதனை என்று வந்தவர்கள் போன பிறகு கம்பி வேலி வந்த கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது. எண்ணெய்க்கா, வாயுவுக்கா என்று நேராகவே கேட்டேன். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நீங்கள் கேட்பது நியாயம், கூடவே நின்று பாருங்கள் என்றார்.

நின்று பார்த்தேன். கைபோர் போடுகிற நாலு பேர் வந்தார்கள். நீளக் குழாய் அறுபது அடி என்று சொல்லியிருந்தார். குழாய் ஒவ்வொன்றும் இருபது அடி. மூன்று இறங்கியது. நான்காவதையும் எடுத்து இணைத்தார்கள். அறுபது என்றுதானே பேச்சு என்றேன்.

"அறுபதுல உப்பு வரல சார். உப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம எப்படி நிறுத்தறது?"

"மொதல்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருக்க மாட்டீங்க."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் எனக்கு அதிகம் பிடிக்கவில்லை. எண்பதடியில் உப்பு வந்தது. மறுநாள் டீச்சர் வந்து இரண்டு குழாய்க்கும் இரும்பு மூடி போட்டுப் பூட்டினார். சாவி அவரிடம். என் வீட்டுக் கொல்லையில் என்னிடம் சாவி இல்லாத ஒரு பூட்டு. எதற்கு என்று கேட்டேன். யாராவது மேலேயிருந்து தண்ணீரை ஊற்றிவிடலாம் என்றார்.

"யாருங்க ஊத்தப்போறா?"

"நீங்களே ஊத்தலாம் சார்."

"நான் ஏன் ஊத்தணும்?"

"ஒங்க தெருத் தண்ணி நல்லாருக்குன்னு காட்டறதுக்கு."

இத்தனை வயதுக்கு இப்படி ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் அவர் என்னை மட்டும் சந்தேகப்பட்டார் என்று சொன்னால் அது நியாயமாகாது. தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வகத்தையும் அவர் நம்பவில்லை. ஒரே தண்ணீரை இரண்டு புட்டியில் நிரப்பி, வேறு வேறு ஊர்ப் பெயர் எழுதி அனுப்புவார். இரண்டுக்கும் ஒரே முடிவு வந்தால்தான் மீதியைப் படிப்பார். இது ஏமாற்று இல்லையா என்றதற்கு, அவர்களுக்கும் இது தெரியும், அவர்களும் என்னைச் சந்தேகப்படுகிறார்கள், அதனால்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது என்றார். தன் பேனாவையும் நம்பமாட்டார். பையில் இன்னொரு பேனா இருக்கும். அதைச் சரிபார்க்க ஒரு குப்பி உப்புத் தண்ணீர் இருக்கும்.

பிள்ளைகளைக் கொல்லைக்குக் கூட்டிவந்து பாடம் எடுப்பார். ஒரு முறை அவர்கள் வேனிலிருந்து இறங்குவதற்குள் எங்கள் கிணற்றில் ஒரே வாளி இறைத்து மூன்று புட்டியை நிரப்பினார். கிணறு, குளம், கடையில் வாங்கிய கேன் என்று ஒட்டுத்தாள் ஒட்டினார். சத்தம் போடாதீர்கள் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். பிள்ளைகள் முகர்ந்து, நக்கி, கலக்கிப் பார்த்து ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். குளத்துத் தண்ணீரில் பாசி வாடை என்று பதினாறு பேர் எழுதியிருந்தார்கள். கடைத் தண்ணீர் சுவையாக இருக்கிறது என்று பத்துப் பேர். எல்லாம் ஒரே வாளி என்று அவர் சொன்னபோது ஒரு பிள்ளை, பில்டிங் கட்டலாம்னு வந்தா வாளி கட்டி எறைக்க விட்டுட்டாங்க என்று முணுமுணுத்தான். அவர் காதில் விழுந்தது. நீ கட்டப்போகிற பில்டிங்குக்குக் கீழேயும் இதுதான் இருக்கிறது என்றார்.

‘கிணற்று நீர் நல்ல நீர்’ என்று எழுதியிருந்த பெண்ணை எழுப்பி நிற்கவைத்தார்.

"‘நல்ல’வுக்கு என்ன யூனிட்?"

அந்தப் பெண் விழித்தது. நீளத்துக்கு மீட்டர் உண்டு, எடைக்குக் கிலோ உண்டு, நல்லதுக்கு எது என்று திரும்பவும் கேட்டார். பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டார். பிறகு பேனாவைத் தண்ணீரில் விட்டு, இந்த நேரத்தில் இந்த ஆழத்தில் உப்பு இவ்வளவு, இதை எழுது, மீதியைக் குடிக்கிறவர் சொல்லிக்கொள்ளட்டும் என்றார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் குழம்பு எப்படி என்று மனைவி கேட்டால் நான் யூனிட் கேட்பதும், அவள் கரண்டியைக் காட்டுவதுமாக இருந்தது.

அவரிடம் பிரியமே இல்லை என்று சொல்ல முடியாது. மனைவிக்கு ஒரு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, கிணற்றுத் தண்ணீரா குடிக்கிறீர்கள் என்பது. செய்தி கேட்டு அன்று மாலையே டீச்சர் வந்துவிட்டார். கிணற்றில் புட்டியை இறக்கித் தண்ணீர் எடுத்தார். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூன்று நாளாக என்னென்ன சாப்பிட்டாள், யார் வீட்டில், யார் கையால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். போலீஸ்காரர் தோற்றார். கடைசியில் அம்பகரத்தூரில் ஒரு கல்யாணத்தில் இரண்டு டம்ளர் ரோஸ்மில்க் குடித்தது வெளியே வந்தது. அதே பந்தியில் இருந்த இன்னும் மூன்று பேருக்குப் போன் போட்டு, அவர்களும் படுத்திருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகே எழுந்தார். போகும்போது மனைவியின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். அதற்கும் ஒரு கருவி வைத்திருப்பார் என்று நான் நினைத்தேன், இல்லை.

இனி ஹாஜா விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு வேலி தள்ளி ஹாஜாவின் மனை. சட்டை போடாத வயதிலிருந்து நான் பார்த்த பிள்ளை. தகப்பனார் கப்பலில் போனவர். இவன் ஷார்ஜாவில் பல வருஷம் இருந்துவிட்டு, இனிமேல் உம்மாவைத் தனியாக விடமாட்டேன் என்று திரும்பி வந்தவன். மனையில் முப்பதடியில் ஒரு போர் போட்டு, பெரிய மோட்டார் வைத்து, கேன் தண்ணீர் வியாபாரம் தொடங்கப்போவதாகச் சொன்னான். தெரு கலங்கிவிட்டது. நாள் முழுக்க மோட்டார் ஓடினால் எங்கள் பதினொன்றோ ஒன்பதோ கிணறுகள் என்ன ஆகும்? கொம்யூன் பஞ்சாயத்தில் ஆட்சேபணை கொடுத்தோம்.

அந்த வாரம் டீச்சர் அளவெடுக்க வந்தபோது கேட்டேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். மழைத் தண்ணீர் லேசானது, கடல் தண்ணீர் கனமானது. இந்த மேட்டுக்குக் கீழே லேசானது கனமானதன்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும்.

"ஒண்ணுக்கு நாப்பதா? எந்த ஊர்க் கணக்குங்க இது?"

"எல்லாக் கடற்கரைக்கும் சொல்ற கணக்கு சார். இங்க அப்படித்தான் நடக்குதான்னு பாக்கணும்."

பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. நாற்பது என்ற எண்ணிலேயே நின்றுவிட்டேன். அன்று தெருவில் வீடு வீடாகப் போய், பயப்படாதீர்கள், டீச்சர் நம் பக்கம் என்று சொன்னதும் நான்தான்.

விசாரணையன்று கொம்யூன் அலுவலகத்தில் எங்கள் தெருவிலிருந்து நாற்பத்தொரு பேர். ஹாஜா தன் மைத்துனனோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர்தான். சீக்கிரம் முடிக்க நினைத்தார். டீச்சரைப் பார்த்து, விளக்கமெல்லாம் வேண்டாம் மேடம், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

"இந்தத் தெருத் தண்ணி நல்ல தண்ணியா, இல்லையா?"

டீச்சர் எழுந்து ஓர் எண்ணைச் சொன்னார். எந்த மாதம், எந்த ஆழம் என்பதையும் சொன்னார்.

"நம்பர் இருக்கட்டும் மேடம். நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணின்னு என்னால சொல்ல முடியாதுங்க."

பெண் பார்க்க வந்தவர்கள் பெண் நல்ல பெண்ணா என்று கேட்க, பெற்ற தகப்பனே அதை என்னால் சொல்ல முடியாது, உயரம் ஐந்தடி இரண்டு என்று பதில் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு பெண் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அவர் சொன்னதன் பொருள், நல்ல என்பது அளக்க முடியாத சொல் என்பது மட்டுமே. அது எனக்குத் தெரியும். அந்த வகுப்பை நானும் கேட்டிருக்கிறேன். மற்ற நாற்பது பேருக்கு நல்ல தண்ணீர் என்பது ஒரு பெயர். பெயரையே இல்லை என்று சொன்னால் ஆளே இல்லை என்றுதான் அர்த்தம்.

அதிகாரிக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல தண்ணீர் இல்லையென்றால் அதைச் சுத்தம் செய்து விற்பதில் என்ன கெடுதல் என்று கேட்டார். டீச்சர் பதறவில்லை. மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கட்டும், நான் அளந்து சொல்கிறேன் என்றார். ஒன்றுக்கு நாற்பது என்று எழுந்து சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். நானே எழுந்து சொன்னேன். மேடமே சொல்லவில்லை, நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். மூன்று மாதத்துக்கு அனுமதி கிடைத்தது.

அதன் பிறகு எங்கள் தெருவில் அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. விலை போய்விட்டார் என்றார்கள். ஹாஜா வீட்டு வாசலில் அவர் ஸ்கூட்டர் நின்றதை இரண்டு பேர் பார்த்தார்கள். ஹாஜாவின் உம்மாவோடு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தாராம். அந்த வீட்டுக் கிணற்றிலும் அளவெடுக்கத்தான் போனார் என்பதை நான் அறிவேன். ஆனாலும் எனக்கு வேறொரு சந்தேகம் தொற்றிக்கொண்டது. விலைக்குப் போகிற ஆள் இல்லை அவர். அவருக்கு வேண்டியது வேறு. உப்பு ஏறுகிறதா என்று பார்க்க எண்பதடிக் குழாய் போட்டு, பூட்டுப் போட்டுக் காத்திருக்கிறவருக்கு, யாராவது ஒருவர் பெரிய மோட்டார் போட்டு இறைத்தால்தானே பார்க்க முடியும்?

கோடை முழுக்க மோட்டார் ஓடியது. வேன் வேனாகக் கேன் போயிற்று. நான் டீச்சருக்கு எண்ணிக் கொடுத்தேன். காலிக் கேனையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள் என்று சொல்லி, ஹாஜாவின் குழாயில் தானே ஓர் அளவுமானியை மாட்டிவிட்டார். முன்பு மாதம் ஒரு தடவை வந்தவர் இப்போது வாரம் இரண்டு தடவை வந்தார். மனைவி முகம் கொடுக்கவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கொல்லைக் கதவைத் தானே திறந்துகொண்டு போவார், வருவார்.

ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. ஒரு காலையில் நீளக் குழாயில் நாற்பதடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தூக்கிப் பேனாவை விட்டவர், அப்படியே நின்றார். இரண்டாவது பேனாவை எடுத்தார். உப்புக் குப்பியில் விட்டுச் சரிபார்த்து மறுபடியும் விட்டார். புதிதாக இன்னொரு தடவை இறக்கித் தூக்கினார். பிறகு என்னிடம் எதுவும் சொல்லாமல் வேலியைச் சுற்றிப் போய் ஹாஜாவைக் கூட்டிவந்தார். எண்ணைக் காட்டவில்லை. நாக்கில் விட்டுப் பார் என்று சொல்லித் தண்ணீரை நீட்டினார்.

ஹாஜா உள்ளங்கையில் வாங்கி வாயில் விட்டு, உடனே துப்பினான்.

"கடலுங்க டீச்சரம்மா."

"உப்புங்கறீங்களா, கடலுங்கறீங்களா?"

"எங்க அத்தா கப்பல்ல கெடந்த மனுசன். எனக்குக் கடலு தெரியாதா? கடலேதான்." வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "மாமா, ஒங்க கெணறு?"

எங்கள் கிணறு மேலே இருக்கிறது, இன்னும் வரவில்லை, ஆனால் உப்பு பாதித் தூரம் ஏறிவிட்டது என்று டீச்சர் சொன்னார். அவன் கடல் பக்கம் தலையைத் திருப்பினான்.

"உம்மா கெணறு?"

"அது கடலுக்கு இன்னும் பக்கம்."

ஹாஜா செல்போனை எடுத்துத் தன் ஆளைக் கூப்பிட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னான். இன்றைக்கா, எப்போதைக்குமா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்க வேண்டும். எப்போதைக்கும் என்றான். போகும்போது டீச்சரிடம், இதை அன்னைக்கே சொல்லியிருந்தா மோட்டாரே வாங்கியிருக்க மாட்டேனே என்றான். அன்றைக்கு அங்கே இருந்தது வேறு தண்ணீர் என்றார் அவர். ஹாஜா தலையை ஆட்டிக்கொண்டு போனான். இப்போது மேற்கே ஆற்றோரமாக இடம் எடுத்து அதே வியாபாரம் செய்கிறான்.

ஐப்பசி, கார்த்திகை மழை தாராளமாகப் பெய்தது. தை பிறந்து, டீச்சர் கடைசியாக ஒரு தடவை வந்தார். மேற்கே பாறை உள்ள ஊரில் வேறு கல்லூரிக்குப் போவதாகச் சொன்னார். அளந்தார். ஏறின உப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. பழைய இடத்துக்குப் போகவில்லை. போகுமா என்று கேட்டேன். பார்க்க வேண்டும் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஒண்ணுக்கு நாப்பதுன்னு எங்கிட்ட சொன்னீங்க. அங்க ஏன் சொல்லல?"

"அது புத்தகத்துக் கணக்கு சார். இங்க அளந்தது இல்ல."

"இப்ப அளந்தாச்சு."

"ஆமா. இப்ப அளந்தாச்சு."

அந்த ஆமாவில் ஒரு சின்ன நிறைவு இருந்ததாக எனக்குப் பட்டது.

"எங்க தெருத் தண்ணிய வச்சுல்ல அளந்தீங்க. அளக்கறதுக்குன்னுதான் அன்னைக்கு ஒக்காந்துட்டீங்களா?"

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பாதி சுற்றியதும் கை நின்றது.

"நானும் அத யோசிச்சிருக்கேன் சார். இல்லன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா எதை வச்சுச் சொல்றதுன்னு தெரியல."

"நான் ஆமான்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைச்சுக்குங்க. ஒங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன்."

மீதி நாடாவையும் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கொல்லைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். எங்கள் கிணறு இன்றுவரை கெடவில்லை. அவரோ அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

நான் உள்ளே போனேன். விசாரணையன்று ஏன் அப்படிச் செய்தார், கேட்டீர்களா, என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள்.

"அவங்களுக்கே தெரியலையாம்."

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் எதையோ மறைக்கிறேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.